சாய்த்தால் ஏன் ஸ்டார்ட் ஆகிறது?

மார்கழியும் தையும் வந்துவிட்டால் ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் காலை வேளைகளில் தெருவுக்குத் தெரு ஒரே காட்சிதான். புல்லட், ஆர்எக்ஸ் 100, பழைய ஸ்பிளெண்டர், சேட்டக் ஸ்கூட்டர் என்று எதுவானாலும் சரி, இரவெல்லாம் பனியில் நின்ற வண்டி முதல் உதைக்கு மசியாது. ஒருவர் வண்டியைப் படுக்கப் போடுகிற மாதிரி ஒரு பக்கமாகச் சாய்த்து, சில விநாடி அப்படியே வைத்திருந்து, நிமிர்த்தி உதைப்பார். இன்னொருவர் பிளக்கைக் கழற்றிக்கொண்டு சமையலறைக்குப் போய் அடுப்புத் தீயில் காட்டுவார். வேறொருவர் ஏர் ஃபில்டரின் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு மகனை உதைக்கச் சொல்வார். எதுவும் பலிக்காதவர் சரிவில் வண்டியை உருட்டி, இரண்டாம் கியரில் கிளட்சை விடுவார்.

விவரம் தெரியாதவர்களின் பழக்கம் என்று இவற்றைத் தள்ளிவிட வேண்டியதில்லை. ஒவ்வொன்றிலும் பிசகாத இயற்பியல் இருக்கிறது. ஒவ்வொன்றும் எஞ்சினின் வெவ்வேறு இடத்தில் வேலை செய்கிறது. அதனால் எந்தக் கைவைத்தியத்துக்கு வண்டி மசிகிறதோ, அந்த இடத்தில்தான் கோளாறு இருக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் காலைக் குளிரில் ஸ்டார்ட் ஆகாத பழைய வண்டியைச் சரிசெய்வது பெரிய வித்தையல்ல. கண்டதையெல்லாம் மாற்றிச் செலவு செய்யவும் வேண்டாம்.

திரவமாக இருக்கும்வரை பெட்ரோல் எரியாது. அதன் ஆவி காற்றோடு கலந்தால்தான் தீப்பிடிக்கும். அதிலும் நூறு பங்கு கலவையில் ஆவி ஏறத்தாழ 1.4 பங்குக்குக் குறையாமலும் 7.6 பங்குக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் எரிய ஆவி போதாது. மேலே போனால் எரிக்கக் காற்று போதாது. இந்தக் குறுகிய இடைவெளிக்குள் கலவையைக் கொண்டுவந்து நிறுத்துவதுதான் கார்புரேட்டரின் வேலை.

பெட்ரோல் ஒரே பொருள் கிடையாது. நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன்களின் கலவை அது. சில ஏறக்குறைய 35 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கத் தொடங்கும். சில 200 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது சூடான எஞ்சின் இவை எல்லாவற்றையும் ஆவியாக்கிவிடும். பனிக்காலையில் அந்தச் சூடு இல்லை. எளிதில் ஆவியாகிற லேசான பகுதி மட்டுமே அப்போது கைகொடுக்கும். அதுவும் தயங்கித் தயங்கித்தான் ஆவியாகும்: 38 டிகிரியில் பெட்ரோலுக்கு இருக்கும் ஆவியழுத்தத்தில் 0 டிகிரியில் மிஞ்சுவது ஏறத்தாழ கால் பங்கு.

இன்னொரு சங்கடமும் உண்டு. காற்றின் ஓட்டத்தாலேயே பெட்ரோலை உறிஞ்சித் தெளிக்கும் கார்புரேட்டரை ஜெர்மனியைச் சேர்ந்த வில்ஹெல்ம் மேபாக் 1893-இல் உருவாக்கினார். இன்றைக்கு நம் பழைய வண்டிகளில் இருப்பதும் அதே தத்துவம்தான். குறுகலான தொண்டைக்குள் காற்று விரைந்து ஓடினால் அங்கே அழுத்தம் குறையும். அந்த உறிஞ்சலில் பெட்ரோல் மேலேறித் துளித்துளியாகச் சிதறும். காலால் உதைக்கும்போது எஞ்சின் மெதுவாகத்தான் சுற்றுகிறது. காற்றுக்கு வேகமில்லை, தெளிப்பில் நுணுக்கமில்லை. பெரிய துளிகளாக வரும் பெட்ரோல் சில்லிட்ட உலோகச் சுவரில் படிந்து, அப்படியே வழிந்து நின்றுவிடுகிறது. சிலிண்டருக்குள் பெட்ரோல் போயிருக்கும், ஆவி இருக்காது.

இதற்கு எஞ்சின் வடிவமைப்பாளர்கள் கண்ட வழி எளிமையானது. உள்ளே போவதில் சிறு பகுதிதான் ஆவியாகும் என்றால், உள்ளே அனுப்புவதையே கூட்டிவிட வேண்டியதுதான். சூடான எஞ்சினில் எடைக்கணக்கில் 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் சரியான விகிதம். குளிர்ந்த எஞ்சினை எழுப்ப ஐந்து பங்கு காற்றுக்கு ஒரு பங்கு என்ற அளவுக்குக்கூடப் பெட்ரோலைக் கூட்ட வேண்டிவரும். அதைச் செய்வதுதான் சோக்.

மலையூர்களில் இதோடு உயரமும் சேர்ந்துகொள்கிறது. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் சென்னையில் இருப்பதில் ஏறத்தாழ முக்கால் பங்குதான். குளிரில் காற்று அடர்த்தியாகும் என்பதையும் கணக்கில் சேர்த்தால், 3 டிகிரி ஊட்டிக் காலையில் ஒரு லிட்டர் காற்றின் எடை 30 டிகிரி சென்னைக் காற்றைவிட 16 விழுக்காடு அளவுக்குக் குறைவு. காற்று மெலிந்தால் சாதாரண கார்புரேட்டர் அதற்கேற்ற அளவுக்குப் பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளாது. எனவே சமவெளியில் டியூன் செய்த வண்டி மலையேறியதும் பெட்ரோலை அதிகமாகக் குடிக்கிறது. சூடான பிறகு கரும்புகை, கரிபிடித்த பிளக். காலையில் ஆவிப் பஞ்சம். ஒரே வண்டி ஒரே நாளில் இரண்டு விதமாகவும் நோய்ப்படுகிறது. சமவெளியிலிருந்து வாங்கிவந்த பழைய வண்டி ஊட்டியில் அடம்பிடிப்பதற்கு இந்த இரட்டைத் தொல்லை முக்கியமான காரணம். மெக்கானிக் ஏர் ஸ்க்ரூவைச் சற்றுத் தளர்த்தி, பெட்ரோலை அளந்துவிடும் துளையான மெயின் ஜெட்டை ஓர் அளவு சிறியதாக மாற்றிக் கொடுத்தால் பகல் தொல்லை தீரும். காலைத் தொல்லை தீர சோக் பாதை சுத்தமாக இருந்தாக வேண்டும்.

சோக் என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, பழைய வண்டிகளில் அது இரண்டு வகை. ஸ்பிளெண்டர் போன்ற வண்டிகளில் கார்புரேட்டரின் வாயை அடைக்கும் ஒரு தகடு இருக்கும். லீவரைத் தூக்கினால் தகடு மூடிக்கொள்ளும், காற்று குறையும், உறிஞ்சல் முழுவதும் பெட்ரோல் மேல் திரும்பும். ஏர் ஃபில்டர் வாயை உள்ளங்கையால் பொத்துவது இதே வேலையைத்தான் செய்கிறது. பொத்தினால் ஸ்டார்ட் ஆகிற வண்டியில் சோக் தகடு முழுக்க மூடவில்லை அல்லது அதன் கம்பி தளர்ந்துவிட்டது என்று உடனே சொல்லிவிடலாம். லீவர் அசைவதை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. ஃபில்டர் குழாயைக் கழற்றி, தகடு மூடுகிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும்.

ஆர்எக்ஸ் 100 வண்டியிலும், மிக்கார்ப் கார்புரேட்டர் பொருத்திய புல்லட்டிலும் இருப்பது இரண்டாவது வகை. அங்கே காற்றை அடைக்கும் தகடே கிடையாது. லீவரைத் தூக்கினால் பித்தளைத் தண்டு ஒன்று மேலெழும்பித் தனியான ஒரு சிறு பாதையைத் திறக்கும். அந்தப் பாதை எஞ்சின் பக்கம், ஆக்ஸிலேட்டர் ஸ்லைடுக்கு அப்பால் போய்த் திறக்கிறது. ஸ்லைடு இறங்கி மூடியிருக்கும்போது எஞ்சினின் உறிஞ்சல் முழுவதும் அந்த ஓட்டையில் பாயும். கூடுதல் பெட்ரோல் ஏறும். ஆக்ஸிலேட்டரைத் திருகினால் ஸ்லைடு எழும்பும், காற்று தாராளமாக உள்ளே வரும், உறிஞ்சல் தளர்ந்துவிடும். சோக் போட்டும் போடாததற்குச் சமம்.

ஆனால் நம்மில் பலரின் கை உதைக்கும்போது தானாக ஆக்ஸிலேட்டரைத் திருகுகிறது. ‘கொஞ்சம் ரேஸ் குடுத்தாத்தான் எடுக்கும்ணே’ என்று பக்கத்தில் நிற்பவரும் சொல்லிக் கொடுப்பார். சூடான வண்டிக்கு அது பொருந்தலாம். தண்டு வகை சோக் உள்ள வண்டியைப் பனியில் எழுப்பும்போது ஆக்ஸிலேட்டர் பக்கமே கை போகக் கூடாது. சோக்கைத் தூக்கிவிட்டு, ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டு, நிதானமாக உதைக்க வேண்டும். பல வண்டிகளின் காலைத் தொல்லை இந்த ஒரு பழக்கத்தை மாற்றினாலே தீர்ந்துவிடும். ஒரு காசு செலவில்லாத வைத்தியம் என்பதால் எதையும் கழற்றுவதற்கு முன் இதைச் செய்து பார்க்கச் சொல்கிறேன்.

இனி சாய்க்கும் விஷயம். கார்புரேட்டரின் அடியில் ஒரு கிண்ணம், அதற்குள் மிதவை. கிண்ணத்தில் பெட்ரோல் குறிப்பிட்ட மட்டத்துக்கு வந்ததும் மிதவை ஊசியைத் தூக்கி வழியை அடைத்துவிடும். அந்த மட்டத்திலிருந்து பெட்ரோலை மேலே இழுத்துக்கொள்வது எஞ்சினின் பொறுப்பு. பாதி குடித்த இளநீரில் ஸ்ட்ராவுக்குத் தண்ணீர் எட்டாதபோது காயைச் சாய்த்து உறிஞ்சுவோமே, அதைத்தான் வண்டியைச் சாய்ப்பவரும் செய்கிறார். வண்டி சாயும்போது மிதவை தன் நிலை பிசகி ஊசியை விடுகிறது; டேங்கிலிருந்து மேலும் பெட்ரோல் இறங்குகிறது; மட்டம் உயர்ந்து கொஞ்சம் பெட்ரோல் தொண்டைக்குள்ளேயே கசிகிறது. சோக் செய்ய வேண்டிய வேலையைச் சாய்வு செய்துவிடுகிறது.

பழைய அமல் வகை கார்புரேட்டர்களில் இதற்கென்றே ஒரு பொத்தான் இருந்தது. அதை விரலால் அமுக்கினால் மிதவை உள்ளே அழுந்திப் பெட்ரோல் வழியும். விரல் நனைந்தால் போதும் என்பது கணக்கு. குளிர்நாடான இங்கிலாந்தின் மோட்டார் சைக்கிள்காரர்கள் தினமும் காலையில் செய்துவந்த வேலை அது. புல்லட்டும் அங்கே பிறந்த வண்டிதான். ரெடிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் 1955-இல் கைகோத்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்க, திருவொற்றியூரில் கடற்கரையை ஒட்டிய தொழிற்சாலையில் அது உருவாகத் தொடங்கியது.

ஆக, சாய்த்தால் ஸ்டார்ட் ஆகிறது என்றால் வண்டி நமக்கு ஒரு தகவல் சொல்கிறது: பொறி நன்றாக இருக்கிறது, அமுக்கம் நன்றாக இருக்கிறது, பெட்ரோல் மட்டும் போதவில்லை. பிளக்கைக் கழற்றிப் பார்த்தாலும் இதையே சொல்லும். பலமுறை உதைத்த பிறகும் பிளக்கின் முனை காய்ந்திருந்தால் பெட்ரோல் உள்ளே வரவில்லை. அப்படியானால் இக்னிஷன் பக்கமே போக வேண்டாம், கார்புரேட்டரைத் திறக்கலாம்.

திறந்ததும் முதலில் பார்க்க வேண்டியது பைலட் ஜெட். மெக்கானிக்குகள் ஸ்லோ ஜெட் என்பார்கள். மெயின் ஜெட்டைவிட மிக மெல்லிய துளை அதற்கு. அரை மில்லிமீட்டர்கூட வராது. வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் நடுவில் ஊசிமுனை போல ஒரு வட்ட ஒளி தெரிய வேண்டும். வட்டம் கோணலாக இருந்தாலோ, ஓரத்தில் பழுப்பு நிறத்தில் பிசின் போல ஏதாவது தெரிந்தாலோ நோய் பிடிபட்டுவிட்டது. அந்தப் பிசின் பழைய பெட்ரோலின் எச்சம். வாரக்கணக்கில் நிற்கும் வண்டியின் கிண்ணத்திலிருந்து எளிதில் ஆவியாகும் பகுதி முதலில் பறந்துவிடும். குளிரில் தீப்பற்றுவதற்கு நாம் நம்பியிருப்பதே அந்தப் பகுதியைத்தான். மிஞ்சியது காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு வினைபுரிந்து பிசினாகி மிகச் சிறிய துளையில் போய் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் நின்ற வண்டி நெடுஞ்சாலையில் நன்றாகப் பறக்கும், காலையில் மட்டும் எழும்பாது. பறக்கும்போது வேலை செய்வது மெயின் ஜெட். எழும்பும்போது தேவைப்படுவது இந்தச் சின்னத் துளைகள்.

அடைப்பை எடுக்க இரும்புக் கம்பியையோ குண்டூசியையோ விடாதீர்கள். ஜெட் பித்தளை, இரும்பு அதைச் சுரண்டிவிடும். நூலளவு பெரிதானாலும் அந்தக் கார்புரேட்டர் பிறகு எந்த டியூனிங்குக்கும் அடங்காது. கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, பஞ்சர் கடை கம்ப்ரஸரில் காற்றடித்தால் பெரும்பாலும் போய்விடும். பிடிவாதமான அடைப்புக்கு மின்கம்பியிலிருந்து உருவிய ஒற்றைச் செம்பு இழை போதும். ஜெட்டோடு நின்றுவிடாமல் கிண்ணத்தின் ஓரத்தில் சோக் தண்டுக்குப் போகும் தனிப் பாதையையும் ஊதிப் பார்க்க வேண்டும். பல பட்டறைகளில் விட்டுப்போகும் இடம் இதுதான். ஜெட்டுகள் பளபளவென்று வரும். சோக் பாதை அடைத்தபடியே இருக்கும். வண்டி மறுநாள் காலையில் பழையபடி அடம்பிடிக்கும்.

கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவிலுள்ள ரப்பர் குழாயும் சந்தேகத்துக்குரியது. பல ஆண்டு வெயிலிலும் சூட்டிலும் அது வெடித்திருக்கும். வெடிப்பின் வழியாக நுழையும் காற்று, கஷ்டப்பட்டுக் கூட்டிய பெட்ரோல் விகிதத்தை மறுபடி குறைத்துவிடும். எஞ்சின் சூடான பிறகும் சோக்கை இறக்கினால் நின்றுவிடுகிறதா? ரப்பர் வெடிப்பு, பைலட் ஜெட் அடைப்பு இரண்டில் ஒன்று. ஆர்எக்ஸ் 100 போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டியானால் கிராங்க் ஆயில் சீலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே கலவை கிராங்க் அறை வழியாகத்தான் சிலிண்டருக்குப் போகிறது, சீல் தேய்ந்தால் காற்று அங்கிருந்தும் கசியும்.

பெட்ரோல் பற்றிப் பேசும்போது எத்தனாலைச் சொல்லாமல் விட முடியாது. இப்போது நம் பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் தன்னுள்ளேயே ஆக்ஸிஜனை வைத்திருப்பதால் அதற்குக் குறைந்த காற்றே போதும். கணக்குப் போட்டால் இந்தக் கலவைக்குச் சரியான விகிதம் 14.7-இலிருந்து 13.5 அளவுக்கு இறங்குகிறது. பழைய ஜெட்டுகளோ பழைய பெட்ரோலுக்கு அளவெடுத்தவை. சமவெளியில் ஏற்கெனவே பெட்ரோல் குறைவாக டியூன் செய்த வண்டி இன்னும் மெலிந்த கலவையில் ஓடும். எத்தனால் ஆவியாகும்போது பெட்ரோலைவிட இரு மடங்குக்கு மேல் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்பதும் குளிர்காலைக்குச் சாதகமல்ல. ஆனால் எல்லாத் தொல்லைக்கும் எத்தனால் மீதே பழிபோடுவது நியாயமாகாது. பழைய வண்டிக்கு அது செய்யும் பெரிய கெடுதல் வேறு: ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் வாஷர்களையும் பெட்ரோல் குழாயையும் உப்பவைக்கும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் டேங்கில் தண்ணீர் சேர்ந்துவிட்டால் எத்தனால் பெட்ரோலைவிட்டுப் பிரிந்து தண்ணீரோடு அடியில் தங்கும். பெட்ரோல் டேப் எடுப்பதும் அடியிலிருந்துதான். நீண்ட நாள் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் டேப்பை மூடிவிட்டு, கிண்ணத்திலுள்ள பெட்ரோல் தீர்ந்து எஞ்சின் தானே நிற்கும்வரை ஓடவிடுங்கள்.

இப்போது பிளக் நனைந்திருந்தால் என்ன என்று பார்ப்போம். பெட்ரோல் வந்திருக்கிறது, தீப்பற்றவில்லை. ‘பெட்ரோல் ஏறிப்போச்சு’ என்று சொல்லும் நிலை. பிளக்கின் வெள்ளைப் பீங்கான் மின்சாரத்தைக் கடத்தாது. அதன்மேல் கரியும் ஈரப் பெட்ரோலும் சேர்ந்து படிந்தால் மின்சாரத்துக்குக் குறுக்குவழி கிடைத்துவிடும். இடைவெளியைத் தாண்டாமல் பீங்கான் மேலேயே வழிந்து போய்விடும். அடுப்பில் காட்டினால் ஈரம் காய்கிறது, முனையும் சூடாகிறது, அடுத்த உதைக்கு வண்டி எடுக்கிறது. நல்ல வைத்தியம்தான். ஆனால் தினமும் அடுப்பு தேவைப்பட்டால், பொறியில் பலமில்லை என்று அர்த்தம்.

பொறியைச் சோதிப்பதில் பெரும்பாலோர் ஏமாறும் ஓர் இடம் இருக்கிறது. பிளக்கைக் கழற்றி எஞ்சின் மேல் வைத்து உதைத்தால் பளிச்சென்று பொறி வருகிறது. கரண்ட் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஓர் இடைவெளியில் பொறி தாண்டத் தேவைப்படும் மின்னழுத்தம், இடைவெளியின் நீளத்தையும் அங்குள்ள வாயுவின் அழுத்தத்தையும் பெருக்கிவரும் அளவைச் சார்ந்தது என்று ஃபிரீட்ரிக் பாஷன் 1889-இல் காட்டினார். வெட்டவெளியில் அரை மில்லிமீட்டரைத் தாண்ட இரண்டு மூவாயிரம் வோல்ட் போதும். சிலிண்டருக்குள் கலவை ஆறேழு மடங்கு அமுக்கப்பட்டிருக்கும்போது அதே இடைவெளிக்குப் பல மடங்கு தேவை. குளிர்ந்த வாயு அடர்த்தி கூடியது என்பதால் இன்னும் கொஞ்சம் கூடும். வெளியே தாண்டும் பொறி உள்ளே தாண்டாமல் போவதற்குக் காரணம் இதுதான். சரியான சோதனை, காற்றில் ஐந்தாறு மில்லிமீட்டர் தாண்டுகிறதா என்று பார்ப்பது. பொறி நீலமாக, சத்தத்தோடு விழ வேண்டும். மஞ்சளாக மெலிந்து விழுந்தால் போதாது. சோதிக்கும்போது பிளக் ஓட்டையிலிருந்து பெட்ரோல் ஆவி வெளிவரும். பொறியை அதன் அருகில் வைத்துப் பார்க்காதீர்கள்.

பாயின்ட் வைத்த பழைய புல்லட்டில் பொறி மெலிய மூன்று காரணங்கள் வழக்கம்: பாயின்ட் முகம் கருகிப் பள்ளம் விழுந்திருக்கும், கண்டென்சர் செத்திருக்கும், பேட்டரி இறங்கியிருக்கும். பாயின்ட் மூடியிருக்கும்போது காயிலில் மின்னோட்டம் பாய்ந்து காந்தப்புலம் உருவாகிறது. பாயின்ட் திறந்த கணத்தில் அந்தப் புலம் சரிய, காயிலின் இரண்டாவது கம்பிச் சுற்றில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழுகிறது. எவ்வளவு சட்டென்று சரிகிறதோ அவ்வளவு பலம். கண்டென்சர் கெட்டால் பாயின்ட்டிலேயே தீப்பொறி பறந்து சரிவு மெதுவாகும்; பிளக்குக்குப் போக வேண்டிய ஆற்றல் அங்கே வீணாகும். பாயின்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஃபீலர் கேஜ் வைத்துத்தான் பார்க்க வேண்டும். தீப்பெட்டி அட்டை, பிளேடு எல்லாம் அவசரத்துக்கு மட்டும்.

குளிரில் பேட்டரியின் வேதிவினையும் மந்தப்படும். 0 டிகிரியில் ஈய அமில பேட்டரியின் கொள்ளளவு ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறையும். ஏற்கெனவே தளர்ந்த பேட்டரி என்றால் அதுவே போதும், காலையில் பொறி மஞ்சளாகிவிடும்.

புல்லட்டை எழுப்பும் முறையில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் ஆம்பியர் மீட்டர். சாவியைத் திருப்பிவிட்டுக் கிக்கரை மெதுவாகக் காலால் அழுத்திக்கொண்டே ஹெட்லைட்டுக்கு மேலுள்ள அந்தச் சின்ன முள்ளைப் பாருங்கள். பாயின்ட் மூடியிருக்கும்வரை காயில் மின்சாரம் இழுக்கும், முள் இடப்பக்கம் சற்றே சாய்ந்து நிற்கும். பிஸ்டன் அமுக்கத்தின் உச்சியை நெருங்கும்போது பாயின்ட் திறக்கும், முள் நடுவுக்குத் துள்ளி வரும். அங்கே நிறுத்தி, அமுக்கத்தைத் தளர்த்தும் டீகம்ப்ரஸர் லீவரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை இன்னும் ஒரு விரற்கடை தள்ளி, லீவரை விட்டுவிட வேண்டும். பிஸ்டன் உச்சியைத் தாண்டியிருக்கும். கிக்கரை மேலே விட்டு, முழு நீளத்துக்கு ஒரே சீரான உதை. கனத்த ஃப்ளைவீல் அடுத்த அமுக்கத்துக்குள் முழு வேகம் எடுத்துக்கொள்ள இடம் கிடைக்கிறது. சிலிண்டருக்குள் நடப்பதைக் கண்ணால் காட்டும் ஏற்பாடு அந்த முள். உடல் பலத்தால் புல்லட்டை எழுப்ப வேண்டும் என்று நினைப்பவர்கள் அதை ஒரு முறை கவனித்தால் போதும்.

கடைசியாக, உருட்டினால் மட்டும் எடுக்கும் வண்டி. உருட்டும்போது எஞ்சின் உதைப்பதைவிட வேகமாகச் சுற்றும். வேகம் கூடினால் அமுக்கத்தில் கசிவதற்கு நேரம் குறையும். அமுக்கம் இங்கே இரட்டை வேலை செய்கிறது. 3 டிகிரி கலவையை ஆறில் ஒரு பங்காக அமுக்கினால், வெப்பம் வெளியேறாது என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டால், ஏறத்தாழ 290 டிகிரிக்குச் சூடாகும். நடைமுறையில் குளிர்ந்த இரும்பும் கசிவும் அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். மிஞ்சிய சூடுதான் கடைசி நேரத்தில் பெட்ரோல் துளிகளை ஆவியாக்குகிறது. ஆகவே அமுக்கம் குறைந்த வண்டிக்குக் குளிரில் ஆவியும் குறைவு. பிளக் ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு, பிளக்கைப் போட்டு உதைத்துப் பாருங்கள். கிக்கர் இறுகி வண்டி எடுத்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. மாற்றமில்லை என்றால் வால்வு பக்கம் பார்க்க வேண்டும். டேப்பெட் இறுகினால் வால்வு முழுதாக மூடாது. பழைய புல்லட்டில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது புஷ்ராடு விரலால் சுழற்றினால் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது, அதுதான் அளவு.

சோக்கைத் தூக்கிவிட்டு ஓயாமல் உதைப்பதும் அமுக்கத்தைக் கெடுக்கும். உள்ளே வழியும் பெட்ரோல் சிலிண்டர் சுவரிலுள்ள ஆயிலைக் கழுவிவிடும். ரிங்குக்கும் சுவருக்கும் நடுவில் காற்றை அடைப்பதே அந்த ஆயில்தான். நாலைந்து உதைக்கு எடுக்கவில்லையா, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். அது ஈரமா, காய்ந்ததா என்று தெரியாமல் உதைக்கும் ஒவ்வொரு உதையும் வீண்.

கெட்டியான ஆயிலையும் மறக்க வேண்டாம். 20டபிள்யூ50 ஆயில் குளிரில் பல மடங்கு தடிக்கும். கிளட்ச் பிளேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சாவியைத் திருப்புவதற்கு முன் கிளட்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு மூன்று முறை கிக்கரை இறக்கினால் பிளேட்டுகள் விலகிக்கொடுக்கும்.

வண்டி எடுத்த பிறகு கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. இதில் விளையாட்டு வேண்டாம். சோக்கில் ஓடும் எஞ்சினில் பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. அரைகுறையாக எரியும் அந்தக் கலவையிலிருந்து கார்பன் மோனாக்சைடு ஏராளமாக வெளிவரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். குளிருக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டு கொட்டகைக்குள்ளேயோ வீட்டு வராந்தாவிலேயோ வண்டியைச் சூடேற்றும் பழக்கம் மலையூர்களில் இருந்தால் இன்றோடு நிறுத்திவிடுங்கள். வண்டியை முதலில் வெளியே தள்ளி நிறுத்துங்கள், பிறகு சோக்கைத் தூக்குங்கள்.